மாமனார் இழுத்த ஒயர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு போன் லைன் வழியாகவே பிராட்பேண்ட் வந்ததும், வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். வேலை பிடித்திருந்தது. ஆனால் வீட்டு போன் மணி அடித்தால் நெட் அறுந்துவிடும். மற்ற நேரத்திலும் இழுத்துக்கொண்டுதான் வரும். பாதிக் கணக்கில் டீச்சர் காணாமல் போகிறார் என்று பெற்றோர்கள் புகார் சொல்ல, வகுப்பை நடத்துகிறவர்கள் வேறு ஆள் தேடத் தொடங்கினார்கள்.

லைன்மேன் வந்து, வாசல் சுவரில் லைன் வந்து சேரும் பெட்டியைப் பார்த்தார். "இந்தப் பெட்டி வரைக்கும் லைன் கிளீனா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியா என்று நான் மாடியில் இருந்த மோடத்தை வாசலுக்கே தூக்கி வந்தேன். வீட்டுக்குள் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் அந்தப் பெட்டியில் இணைத்தேன். மாடியில் திறக்கத் திணறிய பக்கங்களெல்லாம் சட்டுச்சட்டென்று திறந்தன. கோளாறு வீட்டுக்குள்தான். அப்படியானால் அதை என்னாலேயே சரிசெய்துவிட முடியும்.

உள்ளே ஒயர் இழுத்தவர் என் மாமனார். தொண்ணூற்று மூன்றில் போன் வந்தபோது ஹால், தன் அறை, மாடி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கிடங்கு என்று எல்லா இடத்துக்கும் அவரே இழுத்தது. அதில் அவருக்குப் பெருமை.

"நல்லாத்தானே பேசிக்கினு இருக்கோம். என்னாத்துக்கும்மா பிரிக்கற?"

"பேசறதுக்கு இது போதும் மாமா. நெட்டுக்குப் பத்தல. உங்க ரூம் போன் அப்படியே இருக்கும், நான் பாத்துக்கறேன்."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது; ஆனாலும் நிறுத்தவில்லை.

பேச்சையும் நெட்டையும் பிரித்து அனுப்பும் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பாவை வாசலிலேயே பொருத்தினேன். போன்களெல்லாம் அதன் ஒரு பக்கம். மறுபக்கத்திலிருந்து, முறுக்கிய செம்புக் கம்பி உள்ள புது ஒயர், நடுவில் ஒட்டு இல்லாமல் நேராக மாடி மோடத்துக்கு. யாரும் பேசாத கிடங்கு ஒயரை உருவினேன். எலி கடித்து, கம்பி பச்சை பூத்துப்போயிருந்தது.

சத்தம் கேட்டு வந்த மாமனார் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவா இவ்ளோ பேஜாரு பண்ணுது?" என்றவர், நான் நின்றிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "கிளிப்ப நெருக்கமா அடிம்மா. இல்லன்னா ஒயர் தொங்கிப்பூடும்."

மறுநாள் வகுப்பு நடக்கும்போது போன் அடித்தது. திரையில் இருந்த சிறுமி அசைந்துகொண்டேதான் இருந்தாள். கீழே மாமனார் மல்லாட்டை விலையை உரக்கப் பேச ஆரம்பித்தார்.

"யாரு டீச்சர் சண்டை போடறாங்க?" என்றாள் அவள்.

"சண்டை இல்லடா, வியாபாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பின்னத்துக்குப் போனேன். வகுப்பு என் கையைவிட்டுப் போகவில்லை.

இதைக் கேட்டு விழுப்புரத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் வீட்டு நெட்டும் மந்தமாம். போய் அதே மாதிரி வாசலில் மோடத்தை இணைத்துப் பார்த்தேன். அங்கே வாசலிலேயே மந்தம்தான். "உன் வீட்டு ஒயர்மேல தப்பில்லக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல புகார் கொடு" என்று சொல்லி, அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.