மேல் வீட்டு ஸ்டெல்லாவுக்கு நான் செய்த போணி

போன வியாழக்கிழமை, காலை பத்து மணி. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வியாழன் என்றால் எங்கள் விவேக் நகர் சர்ச்சில் நொவேனா ஜெபக் கூட்டம். தெருவில் ஆட்டோ நகராது, ஹாரன் சத்தம் மட்டும் ஓயாது. அதையும் மீறி யாரோ கதவை இடித்தார்கள்.

திறந்தால் மேல் வீட்டு ஸ்டெல்லா. கையில் திறந்த லேப்டாப். சார்ஜர் வயர் படிக்கட்டில் இழுபட்டுக்கொண்டே வந்திருந்தது.

"அக்கா, அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சுக்கா."

திரையில் சிவப்புப் பட்டை. அதில் ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான் — 'நீங்கள் போலி ரிவ்யூ பெற்றிருப்பதாகச் சந்தேகிக்கிறோம். உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் தரவும். ஒரே ஒரு முறைதான் தரலாம்.' கீழே ஒரு கடிகாரம் ஒவ்வொரு நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

போலி ரிவ்யூவா? இவளுக்கா? எந்தப் புண்ணியவான் எழுதினான்?

நான்தான் எழுதினேன். கையிலிருந்த புளி அப்படியே வயிற்றுக்குப் போய்விட்டது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். ஸ்டெல்லா பதினாலு வருடம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு உடுப்பின் படத்தைக் காட்டினால், அதைத் தைக்க எந்தெந்தத் துண்டை எந்த அளவில் வெட்டவேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டில் அவளும் அப்பாவும்தான். ஆரோக்கியசாமி அங்கிள் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. தூசி மட்டும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஒரு வருடமாக ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். உடனே டியூபைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டவேண்டும். அவருக்குக் கை நடுங்கும். எனவே வீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும்.

கம்பெனி பக்கத்தில் இருந்தவரை ஸ்டெல்லா ஓடி ஓடி வந்து சமாளித்தாள். கம்பெனியைத் தும்கூர் பக்கம் மாற்றினார்கள். காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் திரும்ப இரவு எட்டு. மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்காக ஆன்லைன் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினாள். மூன்று மாதத்துக்குள் வேலை பிடிபடவேண்டும். இல்லாவிட்டால் தும்கூர்... அப்பாவின் கதி?

முதல் மாதம் அவள் அனுப்பிய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து 'தங்கள் பணிவுள்ள' என்று முடியும். காய்ச்சல் லீவு லெட்டர்தான், காய்ச்சல் மட்டும் இல்லை. பிறகு தேறிவிட்டாள். ஆனாலும் ஒரு பதில் வரவில்லை. ரிவ்யூ இல்லாதவருக்கு வேலை கிடையாது. வேலை கிடைக்காதவருக்கு ரிவ்யூ ஏது? இந்தக் கதவை முதலில் யார் திறப்பது?

"போணியே ஆவலக்கா," என்றாள் அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

வாரா வாரம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் கையைப் பற்றித் தெரியும். எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் தள்ளுவண்டி மஞ்சுநாத், நான் வாங்காமல் வேறு யாருக்கும் தராசைத் தூக்கமாட்டான். "போணி மாடிம்மா, நிம்ம கைகுண சென்னாகிதெ" என்பான். போணி பண்ணுங்கம்மா, உங்கள் கைராசி நல்லது என்று கன்னடத்தில் சொல்கிறான். என் கைராசி அப்படி! ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினால் பத்து மணிக்குள் வண்டி காலியாகிவிடுமாம்.

போணி என்ற வார்த்தை காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பேனா?

அவள் வீட்டு சோபாவில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வீட்டு வைஃபையில் என் போனில் ஒரு கணக்குத் தொடங்கினேன். 'விதிகளைப் படித்தேன், சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். படித்தேனா? நீங்கள் எப்போதாவது படித்திருக்கிறீர்களா? ஒரு பாவாடை பேட்டர்ன் ஆர்டர் செய்தேன். சும்மா பேருக்குச் செய்வது ஸ்டெல்லாவுக்குப் பிடிக்காது. டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்து (அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை) உண்மையாகவே வரைந்து கொடுத்தாள்.

பிறகு ரிவ்யூ. எழுதுவது என் தொழிலாயிற்றே, விடுவேனா! 'ஸ்டெல்லாவை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். எங்கள் மேல் வீடுதான். தங்கமான பெண். அவசரம் என்றால் மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவாள்...' இப்படி ஆறு வரி. அஞ்சு ஸ்டார்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிபாரிசு உண்டா? வாடகை வீடு, பள்ளிக்கூட சீட்டு, மாப்பிள்ளை, வேலைக்காரம்மா... எல்லாமே 'எனக்குத் தெரிஞ்சவங்க' என்ற சொல்லில்தானே நடக்கிறது? அந்தத் தளத்தில் தெரிந்தவராக இருப்பதுதான் குற்றம். குற்றத்தை நானே கையெழுத்துப் போட்டு, ஸ்டார் வைத்து, ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

"இத்தப் பாருங்கக்கா," என்று ஸ்டெல்லா அந்தத் தளத்தில் வந்திருந்த மெசேஜைத் திறந்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். எங்கோ ஒரு நாட்டில் நடனப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தைப்பவர். ஒரே டிசைன் கவுன், ஆறு அளவில் பேட்டர்ன் வேண்டும். 'உங்களால் முடியுமா? இன்றே பதில் வேண்டும்.' பதில் எழுதும் பட்டன் வெளுத்துப்போய்க் கிடந்தது. அமுக்கினால் அசையவில்லை.

ஆறு அளவு என்பது ஸ்டெல்லாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. அது தெரிந்ததால்தான் இன்னும் வலித்தது.

அதோடு போகவில்லை. லீவு முடிவதும் அன்றைக்குத்தான். கம்பெனி எச்ஆர், நாலு மணிக்குள் 'வருகிறேன்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லச் சொல்லியிருந்தார்.

"நான் அந்த ரிவ்யூவ அழிச்சிடறேன். யாருன்னே தெரியாதுன்னு போட்டுடு," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. வாரா வாரம் உங்களுக்கு நேர்மையைப் பற்றி எழுதும் அதே ஆள்!

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவங்ககிட்ட எல்லாம் இருக்கும்க்கா. பொய் சொல்லி மாட்டுனா அதோட முடிஞ்சிச்சி."

"அப்ப நான் விளக்கமா ஒரு லெட்டர் எழுதித் தரேன். போணின்னா என்ன, நம்ம பழக்கம் என்ன, எல்லாத்தையும்..."

"வோணாம்க்கா. நீங்க ஒரு வாட்டி எழுதுனதே போதும்."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு?

சமையலை அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன். உள் அறையில் மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா எழுதுவாள், அழிப்பாள். மறுபடி எழுதுவாள். மறுபடி அழிப்பாள். ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம் என்றால் யாருக்குத்தான் கை வரும்? மத்தியானம் மூன்றேகால் வரை இதே கதை.

மூன்று இருபதுக்குக் கரண்ட் போனது.

மெஷின் நின்று 'கீ'யென்று கத்தியது. ஸ்டெல்லா லேப்டாப்பை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அங்கிளின் கை டியூபைத் தேடி நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, மறு கையால் டியூபைப் பிடுங்கி, சிலிண்டரில் மாட்டி, குமிழைத் திருகினாள். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் மூச்சு திரும்பும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை. அவள் எதற்காக வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கிள் நிதானத்துக்கு வர அரை மணி ஆயிற்று. கரண்ட் இல்லையென்றால் வைஃபை ஏது? "என் போன்ல நெட் இருக்கு, எடுத்துக்க," என்று நீட்டினேன்.

"ஐயோ, உங்க நெட் வோணவே வோணாம்! அதுலேந்து அனுப்புனா இன்னும் சந்தேகப்படுவாங்க."

நியாயம்தான். தன் பழைய போனிலிருந்தே நெட் எடுத்தாள். இந்த முறை தயங்கவில்லை. நாலே வரி. 'ஆமாம், இவரைத் தெரியும். கீழ் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் புதுக் கடைக்கு முதல் வியாபாரத்தைத் தெரிந்தவர் செய்வது வழக்கம். இங்கே அது தவறு என்று தெரியாமல் செய்துவிட்டோம். வேலை உண்மையாகவே செய்தேன், அந்த ஃபைலை இணைத்திருக்கிறேன். ரிவ்யூவை நீக்கிவிடுங்கள், பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.'

அனுப்பும் பட்டனை அமுக்கினாள். ஃபைல் ஏறத் தொடங்கியது. இருபது சதவீதம்... நாற்பது... அப்போது போன் அடித்தது. எச்ஆர். மணி மூன்று ஐம்பத்தைந்து.

அந்தப் பழைய போனில் அழைப்பை எடுத்தால் நெட் அறுந்துவிடும். எடுக்காவிட்டால் வேலை அறுந்துவிடும்.

ஸ்டெல்லா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அறுபது. மறுபடி அடித்தது.

உள்ளேயிருந்து அங்கிள் குரல் வந்தது. மூச்சுக்கு இரண்டு வார்த்தையாக. "எடும்மா... வேலைய உடாத... எனக்கு இன்னா... கெடக்குறேன்."

"நீ எடு ஸ்டெல்லா," என்றேன். "அங்கிள நான் பாத்துக்கறேன்."

"ஒரு நாள் பாப்பீங்க. ஒரு வாரம் பாப்பீங்க. அப்பறம்?" கண் திரையிலேயே இருந்தது. "நீங்க மார்க்கெட் போன நேரத்துல கரண்ட் போச்சின்னா?"

எண்பது. தொண்ணூறு. போய்ச் சேர்ந்தது.

போனை எடுத்து அவளே திருப்பிக் கூப்பிட்டாள். "சார், ஸ்டெல்லா. இல்ல சார், வர முடியாது. வேற யாரையாச்சும் போட்டுக்குங்க... தேங்க்ஸ் சார்."

அவ்வளவுதான். பதினாலு வருடம்.

கணக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. வாடிக்கையாளர் காத்திருப்பாரா, அதுவும் தெரியாது. கையிலிருந்த ஒரே வேலையையும் விட்டுவிட்டாள். எல்லாம் என் ராசியான விரல் செய்த காரியம். "தப்புப் பண்ணிட்டேன் ஸ்டெல்லா," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. டீ போடப் போனாள்.

கரண்ட் வந்தது. ஐந்து மணி ஆனது. ஆறும் ஆனது. தெருவில் கூட்டம் கரைந்துவிட்டது. சிவப்புப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது. எத்தனை முறை டீ குடித்தேன் என்று நினைவில்லை.

ஆறேகாலுக்குப் பதில் வந்தது. 'ரிவ்யூ நீக்கப்பட்டது. இது எச்சரிக்கை. மறுமுறை நடந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.' பட்டை மறைந்தது. அவள் பெயருக்குக் கீழே மறுபடி பூஜ்யம். இவ்வளவு அழகான பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை.

உடனே அந்தத் தையல்காரருக்கு எழுதினாள். அவர் ஊரில் இன்னும் பகல்தான் போலிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கேள்வி வந்தது. 'உங்களுக்கு ரிவ்யூவே இல்லையே?'

நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

'இங்கே புதுசு. ஃபேக்டரியில் பதினாலு வருடம். முதலில் ஒரு அளவு செய்து தருகிறேன். நீங்கள் வெட்டித் தைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மிச்சம் ஐந்து.'

'சரி' என்று வந்தது. கூடவே கவுனின் படமும்.

திங்கட்கிழமை காலை ஆறு அளவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மாலை அவர் ரிவ்யூ எழுதினார். 'சொன்னபடி செய்தார். கவுன் பொருந்துகிறது.' மொத்தமே இவ்வளவுதான். பதினோரு வருடப் பழக்கத்தில் நான் எழுதிய ஆறு வரி செல்லாது. முகம் பார்க்காத ஒருவரின் ஒரு வரி செல்லும். முதலில் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். 'தெரிந்தவர்' என்று சொல்ல ஆள் இல்லாததால் நம் ஊரில் எத்தனை திறமைசாலிகள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்? அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்புப் பட்டை அவ்வளவு கெட்டதில்லை.

ஒரு ஆர்டரில் குடும்பம் ஓடிவிடாது. இப்போது இன்னும் இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். கரண்ட் போனால் மேலே ஸ்டெல்லாவின் காலடி ஓடும் சத்தம் கேட்கிறது. கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

நேற்று மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். எப்போதும்போல நலம் விசாரிக்க வாயெடுத்தேன். சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னத் தெரியாத மாதிரியே இருங்கக்கா."

உங்களில் யாருக்காவது பேட்டர்ன் வரைய ஆள் வேண்டுமென்றால், நீங்களாகவே தேடி அவளைக் கண்டுபிடியுங்கள்... தயவுசெய்து நான் சொல்லி வந்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்!