ஆறு நாற்காலியும் வயலட் வெல்வெட்டும்

போன மாதம் ஸ்டெல்லா டீச்சர் போனில் கூப்பிட்டார். "மக்ளே, ஒரு கசேரைக்குத் துணி போடணும். வந்து அளவெடுத்துட்டுப் போ" என்றார். கசேரை என்றால் எங்கள் பக்கம் நாற்காலி. நான் துணிக்கடை வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பாறசாலைப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் திரைச்சீலை கிழிந்தால்கூட என்னைத்தான் தேடுவார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி அதே ஆறு நாற்காலிகள். ஐந்தில் வயலட் வெல்வெட், முன் விளிம்பில் மட்டும் நரைத்திருந்தது. ஆறாவதில் துணியே இல்லை. சாக்கும், சாக்கின் கிழிசலில் தேங்காய் நாரும் தெரிந்தன.

குனிந்ததும் அந்த நாரின் வாசனை அடித்தது. மழையில் நனைந்து காய்ந்த கயிற்றின் வாசனை. இருபத்திரண்டு வயதில் அந்த நாரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. இப்போது அழுகை வரவில்லை. டேப் எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. சேலைப் பிரிவில் நிற்க ஆசைப்பட்டேன். போட்டது திரைச்சீலை, சோபாத்துணிப் பிரிவில். மூன்று மாதத்தில் உலகத்தில் எனக்குத் தெரியாத துணி கிடையாது என்ற நினைப்பு வந்துவிட்டது. சின்ன இருக்கைக்குப் பெரிய பூ ஆகாது, பூவின் பாதி மேசைக்கடியில் போய்விடும். ரெக்சின் போட்டால் வெயில் காலத்தில் பஸ் சீட் மாதிரி தொடையில் ஒட்டும். கோடு போட்ட துணியை வளைவான இருக்கையில் நேராக இழுக்க நல்ல வேலைக்காரன் வேண்டும். இதையெல்லாம் கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. ஒற்றசேகரமங்கலம் பள்ளிக்கூடத்தில் வேலை, தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். முப்பத்துநாலு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுப் போனதோடு சரி. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளு வாறாரு. பனச்சமூட்டுல மோட்டார் ரிப்பேர் பாக்குதவரு. கெட்டினவ மரிச்சு ரெண்டு வருஷமாச்சு. இதும் போச்சுன்னா இனி ஆரையும் வரச்சொல்லண்டாம்னு அம்மைகிட்ட சொல்லியாச்சு."

டீச்சருக்கு வேண்டியது நாற்காலித் துணி. எங்கள் ஊரில் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் சுவருக்குச் சுண்ணாம்பும் நாற்காலிக்குப் புதுத்துணியும் உண்டு. அதனாலேயே டீச்சர் கடைக்கு வர மாட்டார். துணியைத் தொட்டால் பஸ் முழுக்கத் தெரிந்துபோகும், பிறகு "என்னாச்சு, என்னாச்சு" என்று ஒரு மாதம் பதில் சொல்ல வேண்டும். "நீயே நல்லதாப் பாத்து எடு. கறி சிந்தினா தெரியப்பிடாது" என்றார்.

நாற்காலிகள் அவர் அப்பா ஐம்பதுகளில் ஏதோ பத்திரிகைப் படத்தைக் காட்டி ஆசாரியிடம் செய்வித்தவை. தேக்கு. கீழே வரவரச் சிறுத்த கால்கள், லேசாக வளைந்த முதுகு. இருக்கைப் பலகை தனியாகக் கழன்று வரும். கழற்றினால் நடுவில் வெறும் ஓட்டைதான். ஆறு இருக்கைகளையும் கழற்றி, அதியன்னூரில் குஷன் வேலை செய்யும் ராஜப்பன் அண்ணனிடம் கொடுத்தாயிற்று.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கீழ்த்தட்டில் ஒரு வயலட் வெல்வெட் சுருள் கண்ணில் பட்டது. அந்தச் சுருளை எப்போதும் முதலாளிதான் எடுத்துக் கொடுப்பார். வாங்க வருகிறவர்களும் நிறம் பார்க்காமல், தடவிப் பார்க்காமல் பத்துப் பத்து மீட்டராக வாங்கிப் போவார்கள். விவரமான ஆட்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று முதலாளி சரக்கெடுக்கத் திருவனந்தபுரம் போயிருந்தார். தேக்குக்கு அந்த வயலட் அத்தனை பொருத்தமாக இருந்தது. நானே வெட்டினேன். வெல்வெட்டை ஒரு பக்கம் தடவினால் இருட்டும், மறுபக்கம் வெளுக்கும். ஆறு இருக்கையும் ஒரே பக்கம் பார்க்கும்படி பின்புறம் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ராஜப்பன் அண்ணன் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டீச்சருக்கு இது மதியா?" என்று மட்டும் கேட்டார். மதி, போதும் என்றேன்.

ஞாயிறு காலை இருக்கைகள் பேப்பர் சுற்றி ஸ்கூட்டரில் வந்தன, மாற்றியெடுத்த பழைய நாரும் ஒரு சாக்கில் கூடவே வந்தது. டீச்சர் பிரித்தார். பேப்பரைத் திரும்ப மூடினார்.

"மக்ளே, இது பெட்டித் துணியாக்கும்."

சவப்பெட்டிக்கு மேலே ஒட்டுகிற துணி. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுச் சாவுகளுக்கு நானும் போயிருக்கிறேன். முகத்தைப் பார்ப்பேன், பூவைப் பார்ப்பேன், வந்து குளித்துவிடுவேன். பெட்டியின் துணியைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பெட்டி வழக்கமும் கிடையாது. உலகத்துத் துணியெல்லாம் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. கழற்றிப்போட்ட பழைய நாரை வாரிக்கொண்டு கொல்லைப்புறம் போய் அழுதேன். டீச்சர் திட்டியிருந்தால் தேவலை. "இனி மாத்த நேரமில்ல. வந்து பிடி" என்று கூப்பிட்டு, ஒவ்வொரு இருக்கையாக ஓட்டையில் பொருத்தினார்.

நான் அடுக்களைக் கதவோடு ஒட்டி நின்றேன். வந்தவர்கள் நாலு பேர்: மாப்பிள்ளை ஜெயசிங், அவருடைய அக்கா, அக்காவின் கணவர், சபைப் பெரியவர் ஒருவர். நல்லவேளையாக முதலில் ஜெபம். எல்லோரும் நின்றபடி கண்ணை மூடினார்கள். பெரியவர் நீளமாக ஜெபித்தார், இன்னும் நீளட்டும் என்று இந்துவான நானும் வேண்டிக்கொண்டேன். ஆமென் சொல்லியாயிற்று. கண்ணைத் திறந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

"எலே ஜெயா, துணியப் பாத்தியா?" என்று அக்கா அவர் காதருகே சொன்னது அடுக்களை வரை கேட்டது. டீச்சரின் அம்மா டீத் தட்டோடு அப்படியே நின்றார்.

ஜெயசிங் நாற்காலியில் கை வைத்தார். ஒரு பக்கம் தடவினார், இருண்டது. மறுபக்கம் தடவினார், வெளுத்தது. "எந்தக் கடையில எடுத்தது?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் நான்தான் கடைப் பெயரைச் சொன்னேன்.

"அவளுக்கு நானும் அங்க உள்ளதுதான் எடுத்தேன். நல்ல துணியாக்கும்" என்றவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், அக்கா மட்டும் முந்தானையை விரித்து அதன்மேல்.

திங்கட்கிழமை முதலாளி பில்லைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வீட்டுல ஆரு மரிச்சது?" என்று கேட்டார். ராஜப்பன் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். "கடைக்காரி நீ. ஆணி அடிக்கிறவன் துணியில குற்றம் சொல்லலாமா?" என்றார். சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்றும் கொஞ்சம் உண்டு.

மூன்றாம் மாதம் டீச்சருக்கும் ஜெயசிங்குக்கும் கல்யாணம். டீச்சரின் அம்மாவைத் தனியாக விட முடியாதென்று ஜெயசிங் இங்கேயே வந்துவிட்டார். என் செலவில் வேறு துணி போட்டுத் தருகிறேன் என்று போனேன். டீச்சர் சிரித்தார். "வேண்டாம். நானும் மாத்தச் சொன்னேன், அவரு சம்மதிக்கல. அந்தக் கசேரையில இருக்க முடியுமான்னு அன்னைக்குப் பாத்தாராம். இருக்க முடிஞ்சா கெட்டலாம்னு நினைச்சாராம்."

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பெட்டிக்கும் யாரும் துணி ஒட்டுவதில்லை. பாலீஷ் போட்டு, பித்தளைப் பிடி வைத்துத் தயாராக வந்துவிடுகிறது. அந்த வயலட் சுருளை நான் அப்புறம் எங்கும் பார்க்கவில்லை. ஜெயசிங் இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். நான் அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன், வர முடியவில்லை.

டேப்பை வைத்துக்கொண்டு, இந்த ஒன்றின் துணி மட்டும் எங்கே என்று கேட்டேன்.

"அது அவரு இருந்த கசேரை" என்றார் டீச்சர். "பெட்டிக்குள்ள மினுமினுன்னு ஒரு வெள்ளத் துணி. எனக்குப் பிடிக்கல. ஆணியப் பிடுங்கி இந்தத் துணிய எடுத்து அவரு தலைக்குக் கீழ விரிச்சு விட்டேன்."

நான் அளவை எழுதிக்கொண்டேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.

"எது வேணும்னாலும் எடு. வயலட் வேண்டாம். வாறவங்க இருக்கணுமே."

முக்கால் மீட்டர் போதும்.