கிளிங்கர் குழுவின் வேனை ஓட்டியவள்

இங்கிலாந்தின் டிப்டன் ஊரில் பிறந்துவிட்டு கிளிங்கர் ராக் குழுவைத் தெரியாது என்று சொன்னால் சிறையில் போடமாட்டார்கள், அவ்வளவுதான் சலுகை. உலையில் எரிந்து மிஞ்சும் கசடுக்கு அங்கே கிளிங்கர் என்று பேர். உலைகளில் வேலை பார்த்த நாலு பேர் அதையே தங்கள் குழுவுக்குப் பேராக வைத்து, உலைச் சத்தத்தைத் தோற்கடிக்கிற மாதிரி கிதாரும் டிரம்ஸும் வாசித்து, உலகம் முழுக்கப் பேர் வாங்கினார்கள். இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேல் சொல்லப்படுவதில் பாதி புளுகு. அந்தப் புளுகு அத்தனையும் டோரீன் ஹேடன் தலையில்தான் விடிந்தது.

டோரீன் ரொட்டிக்கடை ஹேடனின் ஒரே மகள். ஆள் நல்ல குள்ளம். பத்தொன்பது வயதில் அப்பாவின் ரொட்டி வேனை அவள்தான் ஓட்டினாள். கால் எட்டவில்லை என்று பிரேக்கிலும் கிளட்சிலும் அப்பா மரக்கட்டைகளை வைத்து முடுக்கிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பக்கத்துக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. வேன் யாரிடம் இருக்கிறதோ அவரும் குழுவில் ஒருவர். பாட வருமா, தாளம் வருமா என்று யாரும் கேட்பதில்லை. வேன் இல்லாவிட்டால் டிரம்ஸை முதுகிலா தூக்கிப் போவது? அப்படித்தான் டோரீன் கிளிங்கரின் ஐந்தாவது ஆள் ஆனாள். வாரம் முழுக்க ரொட்டி, சனிக்கிழமை ஸ்பீக்கர் பெட்டிகள். திரும்பும் வழியில் வாங்கும் சிப்ஸ் பொட்டலத்தை முதலில் பிரிப்பது ஓட்டுபவர்தான் என்பதும் வழக்கம். பாடகன் கோலின்கூட அதில் கை வைத்ததில்லை.

எழுபதாம் வருஷம், குளிர்காலம். லண்டனில் இசைத்தட்டு கம்பெனிக்காரர்கள் இவர்கள் பாட்டைக் கேட்கக் காத்திருந்தார்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டோரீன் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். ஓட்டுநர் சீட்டில் கோலின் உட்கார்ந்திருந்தான்.

"ஏறு டோர். எனக்கு ஆசையா இருக்கு, கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்."

"உனக்கு லைசென்ஸ் இல்ல, கோலின். எறங்கு."

"எவன் பாக்கப் போறான்? ஏறுன்னா ஏறு. லேட்டாகுது."

மற்ற மூவரும் சிரித்தார்கள். அவள் ஏறினாள். அடுத்த வளைவு வருவதற்குள் கோலினின் பெரிய ஆலை பூட்ஸ், பிரேக்கின் மரக்கட்டைக்கும் பக்கத்து இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வேன் போய்ப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது.

போலீஸ் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியவன் கோலின். அடுத்த தடவை ஜெயில்தான் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டோரீன் முன்னால் வந்து, "நான்தான் ஓட்டினேன்" என்றாள்.

கவனமில்லாமல் ஓட்டினாள் என்று ஒரு வருஷத்துக்கு அவள் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறொரு லாரியில் ஏறி லண்டன் போன நால்வருக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கோலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பேரு வரட்டும், டோர். இத ஊரறியச் சொல்றேன்" என்றான்.

சொன்னான். டெலிவிஷனில் சொன்னான்.

"எங்க வேன ஓட்டினது ரொட்டிக்கடைப் பொண்ணு. மூக்குமுட்டக் குடிச்சிட்டு, நேரா கொண்டுபோய்ப் பள்ளத்துல எறக்கிட்டா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் ருசி கண்டுவிட்டான் கோலின். போன இடமெல்லாம் அதே கதை, கண் காது மூக்கு வைத்து. ஒரு பாட்டில் இரண்டானது, இரண்டு நாலானது.

டோரீனோ குடியைத் தொடுவதில்லை என்று பத்து வயதில் தேவாலயத்தில் உறுதி எடுத்தவள். கல்யாண விருந்திலும் எலுமிச்சைச் சாறுதான் குடிப்பாள். அந்தத் தேவாலயத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்லித்தர வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் போய் முடியவில்லை. பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. பெண்களையும் சேர்க்க ஆரம்பித்ததும் போய் நின்றாள். "ஓ, நீங்கதானா அது?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். கதவுக் கீல் செய்யும் ஆலையில் முப்பது வருஷம் தேய்ந்தாள். அங்கேயும் கிறிஸ்துமஸ் வந்தால் எவனாவது அவள் மேஜையில் காலி பாட்டிலை வைத்துவிட்டுப் போவான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டிரம்ஸ் அடித்த லெஸ் டிரான்டர் ஊரோடுதான் இருந்தான். சந்தையில் ஒருநாள் அவனை மறித்து, நடந்ததை நீயாவது சொல்லக்கூடாதா என்று கேட்டாள். "விடு டோரீன். ஜனங்களுக்குப் புடிச்ச கதை. உன்ன யாரு தப்பா நெனைக்கிறா?" என்று கறிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். யார் நினைக்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கோலின் செத்தான். கடைகளை அடைத்துவிட்டு ஊரே அழுதது. செத்தவனைக் குறை சொல்லக்கூடாதாம். உயிரோடு இருப்பவளை மட்டும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என்ன நியாயமோ!

போன வசந்தத்தில் டிப்டன் பொது மண்டபத்தில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு அதன் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறார்களாம். நடுக்கூடத்தில் அந்த ரொட்டி வேன். பக்கத்தில் சிறப்பு விருந்தாளியாக, காதில் கருவி மாட்டிய கிழவன் லெஸ். ஊன்றுகோலோடு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றாள் டோரீன்.

விளக்கிச் சொன்ன பெண்ணின் பேர் இமோஜன். நல்ல பெண், பாவம். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாள். "முதல் லண்டன் பயணத்தில், குடித்திருந்த ஓட்டுநர் இதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்" என்றாள். கூட்டம் சிரித்தது. "மிதிகளில் மரக்கட்டைகள் இருக்கின்றன, பாருங்கள். டிரம்ஸில் காலால் மிதித்து அடிப்பதை லெஸ் டிரான்டர் பயணத்தில்கூடப் பழகுவதற்காக வைத்துக்கொண்டவை."

டோரீனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவள் மானம் போனது போதாதென்று, அப்பா வைத்த கட்டையையும் எடுத்துக்கொண்டார்களே! கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் வேன் கதவைத் திறந்தாள்.

"மேடம், அதத் தொடக்கூடாதுங்க" என்றாள் இமோஜன்.

"ஏம்மா, என் வேன நான் தொடக்கூடாதா?" என்ற டோரீன் லெஸ் பக்கம் திரும்பினாள். "வா லெஸ். நீ பழகின கட்டையாம்ல? ஏறி மிதிச்சுக் காட்டு. ஜனங்க பாக்கட்டும்."

லெஸ் அசடு வழிந்தான். அதற்குள் கூட்டம் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. கைத்தட்டல் கேட்டபின் சும்மா நிற்கத் தெரியாத பிறவி அவன். ஏறி உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. காலை வளைத்துத் திணித்து பிரேக்கை மிதித்தான். எடுக்கப் பார்த்தான். வரவில்லை. இழுத்தான், முறுக்கினான். பூட்ஸ் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது.

"சனியன் புடிச்ச கட்டை" என்றான் லெஸ், மூச்சு வாங்க. "அன்னிக்குக் கோலினுக்கும் இதேதான்..."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"கோலினுக்கா?" என்றாள் இமோஜன். "ஓட்டினது அந்தப் பொண்ணு இல்லியா?"

லெஸ் டோரீனைப் பார்த்தான். சந்தையில் நடந்துபோன மாதிரி இப்போது நடந்துபோக முடியவில்லை. கால் அங்கே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வது போல முணுமுணுத்தான்.

"கோலின்தான் ஓட்டினான். இவ ஒரு சொட்டுகூடக் குடிக்கல. என்னிக்குமே குடிச்சதில்ல."

டோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, லெஸ்" என்றாள். "இன்னொரு தடவ சொல்லு. என்னக் குடிகாரின்னு ஊருக்கே கேக்கற மாதிரிதானே சொன்னீங்க? அதே சத்தத்துல சொல்லு."