கண்ணை மூடி நிற்கும் பரீட்சை

வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில், அப்பா போன பிறகு தனியாக இருக்கும் அம்மா, விடியுமுன் பால் கறக்க எழுந்து மறுபடியும் விழுந்தார். இந்த முறை முகம் குப்புற. எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். அடுத்த தடவை முறியும் என்றும் சொன்னார். கோவையில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சுவதும், "நா நல்லாத்தான நிக்கறேன்" என்று அம்மா சொல்வதும் வருடக்கணக்காக நடக்கிறது. கடைசியில் ஒரு சமரசம். போத்தனூரில் ஒரு பிசியோதெரபிப் பெண், ஆள் தடுமாறாமல் நிற்பதை அளந்து சொல்வார். அவர் சொல்கிறபடி இருவரும் கேட்பது.

நான் பாஸாக வேண்டும் என்று ஊர்க் கோவிலில் குடம் குடமாகப் பால் ஊற்றியவர் அம்மா. இப்போது அவர் ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் கிளினிக்கில் நான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைப் பாசத்தில் இப்படி ஒரு ரகம் இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பரீட்சை எளிது. பாதங்களைச் சேர்த்து வைத்து, கையைக் கட்டி, கண்ணை மூடி நிற்க வேண்டும். அந்தப் பெண் செல்போனில் நேரம் பார்ப்பார். அம்மா கண்ணை மூடினார்.

"ஆரம்பிக்கலாங்களா அம்மா?"

"சரிங்க அம்மணி" என்று அம்மா கண்ணைத் திறந்தார்.

"கண்ணத் தொறக்கக் கூடாதுங்க."

"மூஞ்சியப் பாக்காம எப்படீங்க பதில் சொல்றது?"

மறுபடி மூடினார். கதவு திறந்து, முழங்கால் கட்டோடு ஒருவர் வந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அம்மா கண்ணைத் திறந்து, திரும்பி, "வாங்க" என்றார். அடுத்து தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கும் ஒரு "வாங்க". வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருப்பது எங்கள் பக்கம் செருப்பால் அடிப்பதற்குச் சமம்; அது யாருடைய இடம் என்பதெல்லாம் கணக்கில்லை. ஆக, ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு வந்தது.

"நல்லாத்தானுங்க நிக்கறாங்க" என்றார் முழங்கால்காரர், யாரும் கேட்காமலே.

"கேட்டுக்க" என்றார் அம்மா என்னிடம்.

இந்த அளவை நம்பி அவரைத் தோட்டத்தில் விட்டுவந்தால், அடுத்த போன் என்ன சொல்லி வரும் என்று எனக்குத் தெரியும். "ஏனுங்க, எப்படியாவது சரியா அளந்து சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் புத்தகம் போடும் பதிப்பாளர்களைத் தவிர வேறு யாரையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

அவர் எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "இனி நா பேச மாட்டேனுங்க. நீங்களும் பேச வேண்டாம். தோளத் தொட்டா ஆரம்பம்." என் வாய்க்கும் சைகையில் ஒரு பூட்டு.

அம்மா கண்ணை மூடினார். அழைக்க ஆளில்லை, பதில் சொல்லக் கேள்வியில்லை. கொஞ்சம் நின்றார். பிறகு கணுக்கால் நடுங்க, பக்கவாட்டில் அப்படியே சாய்ந்தார். அந்தப் பெண் இடுப்பைச் சுற்றித் தாங்கினார். உட்காரவைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி. அதே பக்கம், ஏறக்குறைய அதே நேரத்தில். இன்னொரு தடவையும் அப்படியே. கண்ணைத் திறந்து நின்றால் மட்டும் அசையவில்லை.

"இத நம்பலாமுங்க" என்றார் அந்தப் பெண். "வெளிச்சத்துல சமாளிச்சுக்குவாங்க. கரண்ட் போனா, பிடிக்கப் பக்கத்துல ஆளு வேணும்."

நான் வேண்டிக்கொண்ட முடிவு. அம்மாவின் மறுப்புக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை அவர். காரில் ஏறி, முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"ஒரு மாசம் இருந்து பாரும்மா."

"பொய் சொல்லாத கண்ணு. மாட்ட வித்துப்போடு."

வெகுதூரம் போனபின் அவராகவே கேட்டார்:

"உன்ற ஊட்டுல ராத்திரி லைட்டு எரியுமா?"

"எரியும்மா" என்றேன். எங்கள் வீட்டில் அறை அறையாக லைட்டை அணைத்துக்கொண்டு திரிகிறவன் நான்தான்.