வெல்லம் போட்ட சிமிட்டி

எங்க நைனாவ இட்டுகினு எந்த ஊட்டுக்கும் விருந்துக்குப் போவ முடியாது. எலை போட்டு சோறு வச்சிருப்பாங்க. இவரு எழுந்து போயி செவுத்த மொட்டு மொட்டுன்னு தட்டிகினு இருப்பாரு. "இன்னா கலவ இது, உள்ள பொக்கையா கேக்குதே"ன்னு சோறு போடறவங்க மூஞ்சிக்கு நேராவே கேப்பாரு. குடிக்கறதில்ல, சீட்டு ஆடறதில்ல. அடுத்தவன் ஊட்ட கொற சொல்றதுதான் அவருக்கு வியாதி. சரி, இவ்ளோ பேசற மனுசன் குடியிருந்தது எதுல? பனங்கட்ட ஊட்டுல.

பொன்னேரியில இருந்து பழவேற்காடு போற மணல் ரோட்டுல எங்க ஊரு. அங்க பனமரத்துக்கு மட்டும் பஞ்சமே கெடையாது. முத்தின மரத்த சாய்ச்சி, ரெண்டா பொளந்து, பக்கத்துல பக்கத்துல நட்டு, சந்துல களிமண்ண அப்பி, மேல ஓல வேஞ்சா அதான் பனங்கட்ட ஊடு. தூணு பன, உத்தரம் பன, கதவு பன, நாங்க குந்தற பலகையும் பன. யான வந்து முதுகு சொறிஞ்சாலும் ஆடாது, அத்த ஒத்துக்கறேன். ஆனா அந்த களிமண்ணு கீதே, ஒவ்வொரு கோடைக்கும் வெடிச்சி உதுந்துடும். சந்துல காத்து பூந்து ஊ ஊன்னு சங்கு ஊதும். பூரான் குடும்பத்தோட குடியிருக்கும். உத்தரத்த வண்டு கொடஞ்சி மாவு கொட்டும். நான் கஞ்சி குடிக்க குந்தினா, சரியா என் கிண்ணத்துல ஒரு சிட்டிக விழும்.

"எம்மா, மேல யாரோ உப்பு போடறாங்க."

"வாய மூடிகினு குடிடா."

வாய மூடிகினு எப்டி குடிக்கறது? அத்த மட்டும் எங்கம்மா சொல்லித் தரவே இல்ல.

நைனா அரிசி மில்லுல மூட்ட எட போடறவரு. நான் எட்டாங்கிளாஸோட இஸ்கூலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, அதே மில்லுக்கு மாட்டு வண்டி ஓட்டிகினு இருந்தேன். எங்கக்காவ பெரியபாளையம் பக்கத்து ஆரணியில குடுத்திருந்தோம். ஆத்தங்கரைக்கு பக்கத்துல, பழைய காலத்து மெத்த ஊடு, மேல ஓல கெடையாது, ஏறி நடக்கற மாதிரி தளம். செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சி கட்டினது. அக்காவோட மாமனாரு, எனக்கும் மாமாதான், அவரு இருக்கறாரே, இந்த வியாதியில எங்க நைனாவுக்கே அண்ணன். நைனா அடுத்தவன் ஊட்ட திட்டுவாரு, இவரு தன் ஊட்ட புகழ்வாரு. ரெண்டு பேரும் சம்பந்தியானது ஆண்டவன் செஞ்ச வேல.

"இந்த செவுத்த தடவிப் பாரு, தடவிப் பாரு"ன்னு என் கைய புடிச்சி இழுப்பாரு மாமா. "முட்ட ஓடு மாதிரி இல்ல? பழவேற்காட்டு கிளிஞ்சல சுட்டு சுண்ணாம்பாக்கி, செக்குல அரச்சி, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிய ஊத்தி, நாள் கணக்கா புளிக்க வச்சி பூசினது. முட்ட வெள்ளக்கரு வேற."

"தாளிச்சி கொட்டினாங்களா மாமா?"

"இவன வெளிய அனுப்புங்க."

நல்ல ஊடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா செவுரு ஒரு முழம் கனம், ரூமு ரெண்டு முழம் அகலம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெளக்கு ஏத்தணும். சட்ட மாட்ட ஒரு ஆணி அடிக்கலாம்னா ஆணிதான் வளையும். மெத்த மேல அரசஞ்செடி மொளச்சி, அதுக்கு மாமா தண்ணி ஊத்தாத கொறதான்.

அக்கா மொத மொத முழுவாம இருந்தா, அஞ்சாம் மாசம். மொதப் புள்ள பொறந்த ஊட்டுலதான பொறக்கணும். வளகாப்பு போட்டு இட்டுகினு வரலாம்னு நைனாவும் நானும் நாளு பேச போனோம். மாமா வெத்தலய மென்னுகினே ஒரு குண்ட போட்டாரு.

"பனங்கட்ட சந்துல பூரான் தேளுன்னு இருக்கும் சம்பந்தி. பச்ச ஒடம்புக்காரிய அங்க எப்டி அனுப்பறது? ஒரு மெத்த ஊடு இருந்தா அனுப்பறேன். இல்லன்னா இங்கயே மருத்துவச்சிய வச்சி பாத்துக்கறோம்."

அந்த ஊட்டுல மாமியாரு கெடையாது, எப்பவோ போய் சேந்துட்டாங்க. அக்கா புருசன் மெட்ராஸ் ஹார்பர்ல வேல, வாரத்துக்கு ஒருக்கா தல காட்டுவாரு. பொம்பளன்னு இருக்கறது அக்கா ஒருத்திதான். கெளம்பும்போது கெணத்தாண்ட என் சட்டய புடிச்சி நிறுத்தினா.

"டேய், ஊடு கட்டுவீங்களோ கூடாரம் போடுவீங்களோ, என்ன அம்மாகிட்ட இட்டுகினு போயிடுங்கடா. இந்த ஊட்டுல கத்தினாகூட வெளிய கேக்காதுடா."

எப்பவும் என்ன பதிலுக்கு கிண்டல் பண்றவ. அன்னிக்கி பண்ணல.

வண்டில வரும்போது நைனா மாட்டுக்கும் மேல மூச்சு வாங்கினாரு. "சுண்ணாம்பு ஊடாம் சுண்ணாம்பு ஊடு. நான் சிமிட்டில கட்டறேன் பாரு. காங்கிரீட்டு மெத்த."

அப்பல்லாம் சிமிட்டி கடையில கெடைக்காது, பர்மிட்டு வாங்கணும். நைனா தாலுக்கா ஆபீசுக்கு நடந்த நடையில செருப்பு ஓட்டையாச்சி. கடசியில மூட்டைங்க வந்திச்சி. கல்யாணப் பொண்ண எறக்கற மாதிரி எறக்கி, பாயி விரிச்சி, போர்வ போத்தி வச்சாரு. எனக்கு அந்த போர்வதான் இருந்திச்சி, அன்னையில இருந்து கோணிதான் எனக்கு.

எடத்துக்கு எங்க போறது? பனங்கட்ட ஊட்டுல முன் பாதிய பிரிச்சி அங்க ஒரு ரூமு கட்டறது, பின் பாதியில நாங்க முடங்கறதுன்னு முடிவு. பிரிச்ச பனங்கட்ட வீணாவல. செங்கல் செவுரு எழும்பினதும், மெத்த போட பலகைக்கு கீழ முட்டு குடுக்கணும் இல்ல, அதுக்கு அந்த கட்டைங்களதான் நிறுத்தினாங்க.

மேஸ்திரிய அனுப்பனது மாமா. "எங்க ஊட்ட பூசின பரம்பர"ன்னு சொல்லி அனுப்பனாரு. வந்த மேஸ்திரி, வயசான மனுசன், சுண்ணாம்புல கெட்டிக்காரரு. சிமிட்டிய அன்னிக்கிதான் மொத மொத கையில எடுத்துப் பாக்கறாரு. மோந்து பாத்தாரு. நாக்குல வச்சிப் பாத்தாரு.

"சாம்பலு மாதிரி கீதுபா. இத்த நம்பியா தல மேல வெப்பீங்க?"

"அதான் உங்கள கூப்ட்டது"ன்னாரு நைனா. "எங்க சம்பந்தி ஊட்டுல போட்டீங்களே கடுக்கா வெல்லம், அத்த இதுலயும் போடுங்க. சுண்ணாம்பே அந்த தெம்பு தெம்பா நிக்குதுன்னா, சிமிட்டி எப்டி நிக்கும்!"

மேஸ்திரி தாடிய தடவினாரு. "போட்டதில்ல. ஆனா வெல்லம் நல்ல பொருளுதான, கெடுதல் பண்ணாது."

வேல எப்டி நடக்குதுன்னு பாக்க வந்திருந்த மாமாவும் தல ஆட்டினாரு. "தாராளமா போடுங்க. சிக்கனம் பாக்காதீங்க."

மூணு பேரு வாழ்க்கையில ஒரே ஒரு விசயத்துல ஒத்துப் போனாங்க, அதுவும் இதுல. எனக்கு வாய் சும்மா இருக்கல.

"நைனா, நம்ம மில்லுக்காரரு புது ஊட்டுக்கு சிமிட்டி மெத்த போடும்போது நான்தான் மணல் அடிச்சேன். வெல்லம் யாரும் போடலியே."

"அதான் அவன் மெத்த மயிரு மயிரா வெடிச்சி கீது."

அதுவும் நெஜம்தான். மில்லுக்காரரு ஊடு பாக்க பளபளன்னு இருக்கும், சித்தர வெயில்ல உள்ள போனா ரொட்டி சுடற அடுப்பு. அந்த மனுசன் மத்தியானம் தூங்கறது மாட்டுக் கொட்டாயில. அத வச்சி நைனா என் வாய அடச்சாரு. "நீ வண்டி ஓட்டறவன். மாட்டுகிட்ட போயி பேசு."

போனேன். அது கேட்டுகினுச்சி.

வெல்லத்த அண்டாவுல கரச்சாங்க. கடுக்காயக் குத்தி கொட்டினாங்க. ஊரு புள்ளைங்க எல்லாம் வாசல்ல, பாயாசம்னு நெனச்சி. அதோட உட்டாங்களா? சிமிட்டியும் மணலும் ஜல்லியும் கலக்கி, அந்த தண்ணிய ஊத்தி, "ஒரு ராத்திரி ஊறட்டும்"னு மேஸ்திரி கோணி போட்டு மூடி வச்சாரு. எங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "இட்டிலி மாவாடா ஊறவெக்கறாங்க?"ன்னாங்க. காலைல பாத்தா கலவ அப்டியே கொழகொழன்னு கெடக்குது. சிமிட்டின்னா அதுக்குள்ள கல்லா போயிருக்கணும்னு எனக்குத் தெரியும். மேஸ்திரிக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, என்னா பதம்! சுண்ணாம்பு தோத்துது." எல்லாத்தயும் தூக்கி மெத்தையில கொட்டி, கம்பி மறைய தேச்சி உட்டுட்டு, அவரு பெரியபாளையம் பக்கம் வேற வேலைக்குப் போயிட்டாரு.

மெத்த எறுகல.

மறுநாளு எறுகல. மறுவாரம் எறுகல. நைனா தெனமும் ஏணி வச்சி ஏறி கட்ட வெரல வச்சி அழுத்துவாரு. "இன்னிக்கி கொஞ்சம் தேவல." எறங்கி வந்து வெரல வேட்டில தொடப்பாரு. அப்பால எறும்பு கண்டுபுடிச்சிடுச்சி. ஊருல இருந்த எறும்பு, பக்கத்து ஊரு எறும்பு எல்லாம் செவுத்து மேல லைன் கட்டி ஏறுது, பொரட்டாசி சனிக்கெழம மலைக்குப் போற மாதிரி. "நைனா, எறும்புக்கு எல்லாம் மெத்த ஊடு வந்திச்சி, நமக்குதான் வரல"ன்னேன். என் மேல வீசறதுக்கு, மெத்த ஓரமா கழட்டி வச்சிருந்த செருப்ப ஏணி மேல இருந்தே இழுத்தாரு. செருப்பும் அந்த மெத்தையில ஒட்டிகினு வரமாட்டேன்னுது.

எனக்கு சிரிப்பு போயி எரிச்சல்தான் நின்னுது. அக்காவுக்கு நாளு ஓடிகினு கீது. இவருக்கு இன்னும் எறுகும்னு நம்பிக்க.

மாமா ஊடு பாக்க வர்ற நாளு வந்திச்சி. வண்டிய பாத்தா அக்காவும் கூட எறங்கறா. ஆரணியில இருந்து இவ்ளோ தூரம், அந்த வயித்த வச்சிகினு. "நானும் பாக்கணும்னு ஒரே அடம்"ன்னு மாமா சலிச்சிகினாரு. நைனா செவுத்துக்கு வெள்ள அடிச்சி மாவெல தோரணம் கட்டி வச்சிருந்தாரு. வெளிய பாக்க நல்லாதான் இருந்திச்சி. மாமா தடிய ஊனிகினு உள்ள போனாரு. ரூமு நெறய பனங்கட்ட முட்டு. ஒரு ஆளு நேரா நடக்க வழியில்ல.

"இன்னா சம்பந்தி, ஊடு காட்டறேன்னு பனந்தோப்புல உட்டுட்டீங்க?"

"முட்டு சம்பந்தி. பிரிச்சிடலாம். கொஞ்சம் எறுகணும்."

"இன்னுமா எறுகல?" மாமா தடியத் தூக்கி, பலக சந்துல மேல ஒரு குத்து குத்தினாரு. சோத்து உருண்ட மாதிரி ஒரு கட்டி பொத்துன்னு அவரு தோளு மேல உழுந்திச்சி. அதோட ஒரு கூட்டம் எறும்பு. மாமா குதிச்ச குதியில ஒரு முட்டு ஆடிச்சி, நைனா ஓடிப்போயி அத்த கட்டிப் புடிச்சாரு.

"யோவ், சிமிட்டில யாருய்யா வெல்லம் போட சொன்னது?"

"உங்க ஊட்டு கைப்பக்குவம்தான் மாமா. சிக்கனம் பாக்கல"ன்னேன்.

"நான் சுண்ணாம்புக்கு சொன்னேன்டா!"

"நீங்க பக்கத்துலதான நின்னு தல ஆட்டினீங்க!"ன்னாரு நைனா, முட்டக் கட்டிப் புடிச்சபடியே.

"ஆட்டினா? ஊடு உங்க ஊடு, புத்தி வேணாமா? இந்த பேஜாரே வேணாம். எம்மா, ஏறு வண்டில. போவலாம்."

வண்டில யாரும் இல்ல. அக்கா பின்னால பனங்கட்ட பாதியில, அம்மா பக்கத்துல காலு நீட்டி குந்திகினு மாங்கா தின்னுகினு இருந்தா.

"நான் வரல மாமா."

"இன்னாது?"

"எனக்கு மெத்தயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் எங்கம்மாகிட்ட இருந்துக்கறேன்."

மாமா எறும்ப தட்டிகினே யோசிச்சாரு. "வளகாப்பு போடாம பொறந்த ஊட்டுல தங்கறது மொற இல்ல"ன்னாரு. அந்த ஒரு சாக்குதான் மிச்சம் இருந்திச்சி அவருகிட்ட.

எங்கம்மா அதுக்கும் அசரல. "டேய், வளையல்கார பாய் கோயிலாண்ட தெருவுல கீறாரு. ஓடு."

நான் ஓடின ஓட்டம் என் மாடு பாத்திருந்தா வெக்கப்பட்டிருக்கும். பழவேற்காட்டு பாய், தோள்ல வளையல் மூட்டயோட என் பின்னாலயே வந்தாரு. முன் ரூம தாண்டும்போது முட்டுங்கள பாத்து நின்னாரு. "இன்னா அண்ணே, கப்பல் கட்டறீங்களா?"ன்னு நைனாவ கேட்டாரு. பாய் குந்தி அக்கா கையில பச்ச வளையலும் செகப்பு வளையலும் மாத்தி மாத்தி போட்டாரு. பக்கத்து ஊட்டு பொம்பளைங்க நாலு பேரு மஞ்சளும் சந்தனமும் எடுத்துகினு ஓடி வந்தாங்க. மாமா வாசப்படியில நின்னு பாத்துகினே இருந்தாரு. கடசியில தொண்டய கனச்சி, "சந்துல மஞ்ச தண்ணி தெளிங்க, பூரான் அண்டாது"ன்னாரு. அதுக்கு மேல அவரால எறங்கி வர முடியாது, நாங்களும் கேக்கல.

மாமா வண்டி ஏறும்போதும் ரெண்டு பெரிய மனுசங்களுக்கும் சண்ட ஓயல. வெல்லம்தான் தப்பு, கடுக்காதான் தப்புன்னு ரோட்டு வரைக்கும் கத்திகினு போனாங்க. நான் அக்காவோட துணி மூட்டய தூக்கிகினு உள்ள வந்தேன். அவ கூரய ஒரு பக்கமா பாத்தா, சந்துங்கள பாத்தா.

"மழ வந்தா எந்தப் பக்கம் ஒழுவும்?"

"எல்லாப் பக்கமும்."

"கம்மியா ஒழுவறது எதுடா?"

நான் கைய காட்டினேன். அது நான் படுக்கற எடம். என் கோணிய எடுத்து தூரமா போட்டுட்டு, அவ பாய விரிச்சிகினா.