யாருக்குப் போன் பண்ணணும்?

மனைவி இறந்த பிறகு மன்னார்குடி வீட்டில் தனியாக இருக்கிறேன். நாலு பேரோடு பழகட்டும் என்று கனடாவிலுள்ள மகன், தஞ்சாவூரில் ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தான். அரண்மனை, பழைய வீதிகள், வழியில் பலகாரம், மதியம் ஹோட்டலில், சிறு ஆலையில் காய்ச்சிய கிராஃப்ட் பீர்.

எல்லாரும் ஜோடியாக வந்திருந்தார்கள். தனியாக நின்று சாப்பிடக் கூச்சப்பட்டு, சர்க்கரை மாத்திரை போட்டிருந்தும் பலகாரத்தைத் தொடவில்லை. வெறும் வயிற்றில் பீர் குடித்ததும் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டிக் கண் இருண்டது.

வழிகாட்டிப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். "ஐயா, யாருக்குப் போன் பண்ணணும், சொல்லுங்க."

மகனைத் தவிர யார் பெயரும் தோன்றவில்லை. "அங்க நடுராத்திரிம்மா, எழுப்ப வேணாம்" என்றேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு பாயிடம் போன் நம்பர் கேட்டேன். "இத்தனை வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க" என்றார்.

இப்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டே கிளம்புகிறேன். போகும்போது பாயிடம் சொல்கிறேன். திரும்பியதும், "வந்துட்டேன் பாய்" என்று அவர் வாசலில் நின்று குரல் கொடுக்கிறேன்.