கேட்காமல் சொன்ன கருத்து

கிளடிஸ் மரியரட்ணத்துக்கு நாற்பத்தாறு வயதானபோது தொழிற்கொள்கை பற்றி அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. கனடா முழுவதற்குமான கொள்கை அல்ல, ஸ்காபரோவின் ஒரு மூலைக்கானது. ஆனாலும் அதுவரை ரொறன்ரோவில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் சோஷல் இன்சூரன்ஸ் நம்பர் சம்பந்தமானவை.

அது 1995 ஒக்ரோபர். வெக்ஸ்போர்ட் பக்கத்தில் தயிர் டப்பாக்களுக்கு மூடி செய்கிற ஃபக்ரறியில் கிளடிஸ் பொதி கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் பதினான்கு வருடம் இலங்கையில், மன்னார் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். தேவாலய மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தொழில் வலய ஆலோசனைக் குழுவுக்குச் சமூகத்தின் சார்பில் ஓர் ஆள் தேவை என்றார். யாரும் கை உயர்த்தவில்லை. "போன கூட்டத்து அறிக்கையைப் பார்க்கலாமா?" என்று கிளடிஸ் மட்டும் கேட்டார். அதிகாரி அவருடைய பெயரை எழுதிக்கொண்டார்.

குழுவில் பதினான்கு பேர். ஆறு பேர் ஃபக்ரறி முதலாளிகள், ஐந்து பேர் தொழிற்சங்கத்தார், மூன்று பேர் 'ஏனையோர்'. கிளடிஸ் ஏனையோரில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் மரம் நடும் சங்கத்தைச் சேர்ந்தவர், மற்றவர் வருவதேயில்லை. தலைவர் வோல்ரர் பிரைஸ் அட்டைப்பெட்டி ஃபக்ரறி வைத்திருந்தார். மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சமூக நிலைய மாடியறையில் கூடுவார்கள். போட்டித்திறன் பற்றிப் பேசுவார்கள். லொறிகள் திரும்புவதற்கு வீதியை எவ்வளவு அகலிக்கலாம் என்று பேசுவார்கள். ஏழு மாதமாகக் கிளடிஸ் அறிக்கையில் இருந்த பிழைகளைத் திருத்துவதற்கு மட்டுமே வாய் திறந்தார். பிழைகள் நிறைய இருந்தபடியால் அதுவே போதிய வேலையாக இருந்தது.

அந்த மாரியில்தான் சந்திரவதனா விழுந்தார். டோர்செட் பார்க் குடியிருப்புப் பகுதியில் கிளடிஸின் மாடிக்குக் கீழ்மாடியில் இருப்பவர், ஒரே ஃபக்ரறியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ற் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அந்த வழியில் முதல் பஸ் எட்டேகாலுக்குத்தான் வரும். ஆகவே எல்லோரும் நடப்பார்கள். முப்பத்தைந்து நிமிட நடை, பாதி வழிக்கு நடைபாதை இல்லை. பனிக்கட்டியில் வழுக்கிச் சந்திரவதனாவின் மணிக்கட்டு முறிந்தது.

"எழும்பேக்கை முதல் என்ன நினைச்சனான் தெரியுமே, அக்கா?" என்றார் சந்திரவதனா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "ஷிஃப்ற்றுக்குப் பிந்திப் போவன் எண்டுதான்."

அன்று முழுவதும் கிளடிஸுக்கு அந்த வசனம் மனதை விட்டுப் போகவில்லை.

மே மாதம் பெல்ஜியத்திலிருந்து திருமதி வெர்மேரன் என்று ஓர் அம்மையார் விருந்தினராக வந்தார். ஐரோப்பாவில் முதலாளிமார், தொழிலாளர், ஏனைய அமைப்புகள் என்று மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து, பொருளாதாரக் கொள்கைக்கு ஆலோசனை சொல்கிற சபை ஒன்று இருக்கிறதாம்; அவர் அதன் உறுப்பினராம். சில விஷயங்களில் சட்டம் கொண்டுவர முன்னர் அந்தச் சபையைக் கேட்டே ஆகவேண்டும்.

"கேட்ட பிறகு அதன்படி செய்ய வேண்டுமா?" என்று கிளடிஸ் ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு மாதத்தில் அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வேண்டியதில்லை," என்றார் அம்மையார். "ஆனால் எங்களிடம் கேட்காத விஷயத்திலும் நாங்களாகவே கருத்துச் சொல்லலாம். அந்த உரிமை எங்களுக்கு உண்டு."

வீட்டுக்கு வந்து கிளடிஸ் குழுவின் விதிக்கோவையை எடுத்துப் படித்தார். அதை முழுவதும் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். ஒன்பதாம் பக்கம் வரையில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பதினோராம் விதி, குழு தானாகவே கருத்து வழங்கலாம் என்று சொன்னது.

"இஞ்சாருங்கோ, கேக்காமலே கருத்துச் சொல்லுற உரிமை எனக்கு இருக்காம்," என்றார் கணவரிடம்.

மரியரட்ணம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது உமக்குக் கலியாணம் கட்டின நாளிலையிருந்து இருக்குத்தானே."

செப்ரெம்பர் கூட்டத்தில், ஞாயிறு காலை ஷிஃப்ற்றுக்கு முன் பஸ் விடவேண்டும் என்று குழு கருத்து வழங்கவேண்டும் எனக் கிளடிஸ் பிரேரணை கொண்டுவந்தார். பிரைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் என்பது போக்குவரத்து விஷயம், நாம் கைத்தொழில் பற்றிப் பேசுகிற குழு என்றார்.

"உங்களுடைய ஃபக்ரறியிலும் ஞாயிறு ஷிஃப்ற் இருக்கிறது," என்றார் கிளடிஸ். "அவர்கள் எப்படி வருகிறார்கள்?"

"காரில்தான்."

"பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நடந்து வருகிறார்கள். என்னோடுதான் நடக்கிறார்கள்."

அறையில் யாரோ இருமினார்கள். பிரைஸ் முரட்டு மனிதர் அல்ல. கருத்துச் சொல்வதானால் குழு நேரில் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்றார். ஒக்ரோபரில் தனக்கு நேரமில்லை, நவம்பரில் பயணம், டிசெம்பர் பண்டிகைக் காலம் என்று சொல்லி, ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையைத் தானே குறித்தார். கிளடிஸ் அந்தத் திகதியைக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கு மைனஸ் பத்தொன்பது. பதினான்கு பேரில் கிளடிஸைத் தவிர மூன்று பேர் வந்தார்கள்: பிரைஸ், ஒரு தொழிற்சங்கத்தார், குழுவின் செயலாளர். பிரைஸ் காரை டோர்செட் பார்க்கில் நிறுத்திவிட்டுத் தோற்சப்பாத்தோடு இறங்கினார். காலை ஆறேகாலுக்குக் கிளடிஸ் முன்னே நடக்க, சந்திரவதனாவும் மற்றவர்களும் வழக்கம்போலப் பேசாமல் பின்னால் நடந்தார்கள். நடைபாதை முடிந்த இடத்தில் செயலாளர் குறிப்பெடுக்கப் பார்த்தார், பேனை எழுதவில்லை. சந்திரவதனா வழுக்கிய இடத்தைக் கிளடிஸ் காட்டினார். பிரைஸ் அந்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆட்டியபடியே வழுக்கினார். சந்திரவதனாதான் நல்ல கையால் அவரைப் பிடித்தார்.

"காலை அகட்டி வையுங்கோ, பெங்குவின் மாதிரி," என்று தமிழில் சொன்னார். எப்படியோ அது பிரைஸுக்கு விளங்கியது. மிகுதி வழியை அவர் அப்படியே நடந்தார்.

பிரைஸிடம் அவருடைய ஃபக்ரறியின் முன்கதவுச் சாவி இருந்தது. ஆனால் முன்கதவுக்கு முன்னால் இடுப்பளவு பனி குவிந்திருந்தது. பக்கக் கதவு ஏழுக்குத்தான் திறக்கும். எனவே தன் தொழிலாளர்களோடு சுவரோரமாகப் பத்து நிமிடம் நின்றார். கதவைத் திறந்த புதிய காவலாளி அவரிடம் வேலையட்டையைக் கேட்டான். பிரைஸ் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு வாய் அசையவேண்டும்.

கருத்தைக் கிளடிஸ்தான் எழுதினார், கச்சேரிப் பாணியில் இரண்டு பக்கம். அது குழுவுக்கு வந்தபோது பிரைஸ் ஒரேயொரு திருத்தம் கொண்டுவந்தார். 'தொழிலாளர்கள் அசௌகரியத்தை எதிர்கொள்கின்றனர்' என்ற இடத்தில் 'தொழிலாளர்கள் குளிரில் நடக்கின்றனர்' என்று மாற்றச் சொன்னார். ஒன்பது பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, மூன்று பேர் வாக்களிக்கவில்லை. வராதவர் அன்றும் வரவில்லை. மரச்சங்கத்தார் ஒரு மரத்தின் பொருட்டு வரமுடியாததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

கருத்து மார்ச் மாதம் நகரசபைக்குப் போனது. 'நன்றியுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. அந்த வசனத்தைக் கிளடிஸே மன்னாரில் எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். ஆகவே அதில் அவர் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. மூன்று மாதம் பொறுத்து, முடிவு தெரியாததற்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினார். அடுத்த மாதமும் அனுப்பினார். அதற்கடுத்த மாதம் பிரைஸ் தானும் கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பினார்.

ஒக்ரோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பஸ் ஓடத் தொடங்கியது. 'வழமையான வழித்தட மீளாய்வின் பேறாக' என்று அறிவித்தலில் இருந்தது. குழுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் நாள் பதினாறு பேர் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த சந்திரவதனா இரண்டாவது தரிப்பிடத்திலேயே தூங்கிப்போனார். கிளடிஸ் தூங்கவில்லை. நடைபாதை இல்லாத அந்த இடம் ஜன்னலுக்கு வெளியே வந்து அரை நிமிடத்தில் போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியது. ஹீற்றர் கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

1998 ஜனவரியில் ஸ்காபரோ ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. அந்த அமளியில் குழுவும் இல்லாமல் போனது. அதை அறிவிக்கும் கடிதம் கிளடிஸுக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் கோப்போடு மாடியறைக்குப் போனார். உள்ளே இருபது பெண்கள் வரிசையாக நின்று நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவள் பாட்டை நிறுத்திவிட்டு, பதிவு போன வாரத்தோடு முடிந்துவிட்டது என்றாள்.

"பரவாயில்லை," என்றார் கிளடிஸ். "இந்தப் பதிவைப் பற்றி முன்கூட்டியே எங்கே அறிவித்தீர்கள்?"

அவள் தெரியாது என்றாள். அப்படியானால் யாருக்கு எழுதவேண்டும் என்று கேட்டு, பெயரையும் விலாசத்தையும் கோப்பின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு கிளடிஸ் படியிறங்கினார்.